ரோட்டவேட்டர், கிணறு, மோட்டார்: சீசனுக்கு முன்னாடி எதையெல்லாம் சரி பண்ணணும்?

உடுமலைத்தோட்டம்:

வணக்கம்ங்க. ஆடிப்பட்டத்துக்கு மக்காச்சோளம் போடறதுக்குள்ள தோட்டத்தை ஒருதரம் பாதுகாப்புக் கண்ணோட முழுசா பார்த்துடலாம்னு இருக்கேன். விவரம் இதுதான். 6 ஏக்கர் மக்காச்சோளம், 4 ஏக்கர் தென்னை, செம்மண் காடு. மேற்கு ஓரம் நல்ல சரிவு, அதை ஒட்டி 4 அடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 45 எச்.பி. டிராக்டர், மண்ணைக் கிளற 6 அடி ரோட்டவேட்டர், ஒரு டிப்பர் டிரெய்லர். டிராக்டருக்கு மேல வெயில் கூரை மட்டும்தான் இருக்கு. கிணறு 20-க்கு 20 சதுரம், 70 அடி ஆழம், சுத்துச்சுவர் பாதி இடிஞ்சு கிடக்கு. அதுல 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், ஆட்டோ ஸ்டார்ட்டர். இந்த வருஷம் தூர் வாரியே ஆகணும். தோட்டத்துச் சாளையில ஒரு குடும்பம் தங்கி வேலை செய்யறாங்க. 7 வயசுலயும் 10 வயசுலயும் ரெண்டு பசங்க இருக்காங்க.

"பார்த்து வேலை செய்யுங்க"ங்கிற மாதிரி பொதுவா சொல்லாம, எந்த இடத்துல எதனால ஆள் போகுது, எந்தப் பாகத்தை மாத்தணும், டிரைவருக்கும் ஆளுங்களுக்கும் என்ன கட்டுப்பாடு போடணும்னு சொல்லுங்க. கையில இருக்கிற காசு அளவானது. முதல் செலவு எதுக்குன்னும் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

பட்டறை540:

டிராக்டர் பத்தி மட்டும் நான் சொல்றேன். கிணறு, கரண்டு தெரிஞ்சவங்க வருவாங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டின்னதும் முதல்ல பார்க்க வேண்டியது செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார் வயரிங். சமதளத்துல நிறுத்தி, சீட்டுல உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு, கியர் விழுந்த நிலையில கிளட்சை மிதிக்காம சாவியைத் திருப்பிப் பாருங்க. செல்ஃப் சுத்தக் கூடாது. சுத்தினா ஒண்ணு அந்த மாடல்ல நியூட்ரல் ஸ்விட்சே (கியர்ல இருந்தா செல்ஃபைச் சுத்த விடாதது) கிடையாது, இல்லேன்னா பழைய ஓனர் அந்த ஸ்விட்சைத் தாண்டி வயரை டைரக்ட் பண்ணியிருக்கார். இது ஏன் முக்கியம்னா, பேட்டரி வீக்கா இருக்கிற வண்டியை ஸ்க்ரூ டிரைவர் வெச்சு செல்ஃப் மோட்டார் டெர்மினலை ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு. அப்படிப் பண்றவர் நிக்கிற இடம் எது? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, தரையில. வண்டி கியர்ல இருந்தா இன்ஜின் பிடிச்ச அடுத்த நொடி பின் டயர் ஆள் மேல ஏறிடும். நகர இடம் இருக்காது. ஸ்விட்ச், பேட்டரி கேபிள், டெர்மினல் மேல போடுற ரப்பர் மூடி, இந்த மூணுக்கும் பெரிய செலவில்லை. உங்க முதல் காசு இங்க போகட்டும்.

அடுத்தது பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின்னாடி ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோற தண்டு. அது நிமிஷத்துக்கு 540 சுத்துல ஓடுது, அதாவது நொடிக்கு 9 சுத்து. கார்டு இல்லாத ஷாஃப்டோட சுற்றளவு 20 செ.மீ.ன்னு வெச்சாலும் ஒரே நொடியில 1.8 மீட்டர் துணியைச் சுருட்டிடும். நாலு முழ வேட்டி மொத்தமா போயிடும். துண்டு, சேலை முந்தானை, தாவணி, பின்னல் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். கையை இழுத்துக்கறதுக்கு மூளை உத்தரவு போடறதுக்குள்ள ஆள் ஷாஃப்ட்ல இருப்பார். அதனால மூணு இடத்துல மறைப்பு இருக்கணும். டிராக்டர் பக்கம் பி.டி.ஓ. முனைக்கு மேல இரும்பு மூடி, ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் குழாய், ரோட்டவேட்டர் கியர் பாக்ஸ் பக்கம் இன்னொரு மூடி. பிளாஸ்டிக் குழாய்ல ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு சங்கிலி தொங்கும், அதை டிராக்டர்லயும் ரோட்டவேட்டர்லயும் மாட்டணும். மாட்டலேன்னா குழாயும் ஷாஃப்டோட சேர்ந்து சுத்தும், அப்புறம் அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஷாஃப்ட் மூட்டுல இருக்கிற கிராஸுக்கு கிரீஸ் அடிக்க இடைஞ்சலா இருக்குன்னு இந்தக் குழாயை அறுத்து எறியறவங்கதான் அதிகம். வாங்கும்போதே கிரீஸ் துளை விட்ட குழாயா பார்த்து வாங்குங்க.

ஷியர் போல்ட் அடிக்கடி உடையுதுன்னு அங்க ஹை டென்சில் போல்ட் போட்டுடாதீங்க. கல்லு மாட்டினா உடையறதுதான் அந்த போல்ட்டோட வேலை. அது உடையலேன்னா ஷாஃப்டோ கியர் பாக்ஸோ உடைஞ்சு துண்டு பறக்கும்.

ரோட்டவேட்டர்ல ஆள் மாட்டறது பெரும்பாலும் பிளேடுல கொடி, தட்டை, சேலைத்துணி சுத்தினதை எடுக்கும்போதுதான். டிரைவர் பி.டி.ஓ. இணைப்பை மட்டும் விலக்கிட்டு இன்ஜினை ஓட விட்டுட்டு இறங்குவார், இல்லேன்னா சீட்டுல உட்கார்ந்தபடி இன்னொருத்தரை எடுக்கச் சொல்லுவார். ரெண்டாவது இன்னும் மோசம், கை லீவர்ல பட்டா போதும். நீங்க போட வேண்டிய கட்டுப்பாடு: பி.டி.ஓ.வை விலக்கு, இன்ஜினை நிறுத்து, சாவியை உருவி பிளேடுல கை வைக்கிறவர் பாக்கெட்லயே போடு, ரோட்டார் முழுசா நின்னதைக் கண்ணால பார், பிறகு இறங்கு. ரோட்டவேட்டரைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கீழ குனியறதா இருந்தா ரெண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக்கொடுத்தாகணும். இன்ஜின் நின்னிருந்தாலும் ஹைட்ராலிக் லீவரைத் தட்டினா சட்டுனு இறங்கிடும். ஆயில் கசிஞ்சாலும் மெதுவா இறங்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பி.டி.ஓ. ஓடவே கூடாது.

பசங்க விஷயம். மட்கார்டு உட்கார்ற இடமே இல்லை. ஒரு வரப்பு குலுக்கல்ல விழுந்தா நேரா பின் டயருக்கோ, ரோட்டவேட்டருக்கோதான் போவாங்க. டிரைவர் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள முடிஞ்சிடும். டிரைவரைத் தவிர யாரும் வண்டியில ஏறக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க, பெரியவங்களுக்கும் சேர்த்து.

கவிழறது ரெண்டு விதம். சைடுல கவிழறதுக்கு உங்க மேற்கு ஓரம் சரியான இடம். வாய்க்கால் கரையில இருந்து வாய்க்காலோட ஆழம் எவ்வளவோ அவ்வளவாவது தள்ளி ஓட்டணும். உங்களுக்கு 4 அடின்னா 4 அடிக்குக் குறையாம ஒரு கோடு, மழை பெய்ஞ்ச மறுநாள்னா இன்னும் கூட. அந்த ஓரத்துல கல்லு நட்டு வெள்ளையடிச்சு வெச்சிடுங்க. சரிவுல குறுக்கே ஓட்டாம மேலும் கீழுமா ஓட்டச் சொல்லுங்க. கீழ இறங்கும்போது நியூட்ரல்ல விடக் கூடாது. டிரெய்லர் தள்ளிக்கிட்டு வரும், பிரேக் பத்தாது. ரோட்டுக்கு வந்ததும் இடது வலது பிரேக் பெடலைச் சேர்த்துக் கொக்கி போடணும். காட்டுல தனித்தனியா மிதிச்ச பழக்கத்துல ரோட்டுல வேகமா வரும்போது ஒத்தப் பெடலை மிதிச்சா வண்டி அப்படியே சுத்திக் கவிழும்.

பின்பக்கமா கவிழறது சேத்துல மாட்டினப்போ நடக்கும். பின் டயர் சுத்த முடியாம சிக்கிக்கிச்சு, டிரைவர் ஆக்சிலேட்டரைக் கொடுத்து கிளட்சைச் சட்டுனு விடறார். டயர் சுத்தாதுன்னா அந்த விசை எங்க போகும்? வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கும். முக்கால் நொடியில திரும்ப வர முடியாத நிலைக்குப் போயிடும், ஒன்றரை நொடியில வண்டி மல்லாந்திருக்கும். கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. டயருக்குக் குறுக்கே கட்டையைக் கட்டி ஏத்தற வித்தை இருக்கே, அது ஆளையே கொன்னுடும், ஏன்னா டயர் சுத்தறதை அது முழுசா நிறுத்திடுது. மாட்டினா ரிவர்ஸ்ல வர முடியுதான்னு பாருங்க, இல்லேன்னா மண்ணை வெட்டுங்க, அதுவும் ஆகலேன்னா இன்னொரு வண்டியால இழுங்க. மரவேர், கல்லு இழுக்கும்போது சங்கிலியைக் கீழ இருக்கிற இழுவைக் கொக்கியில மட்டும்தான் மாட்டணும். மேல இருக்கிற டாப் லிங்க் பக்கம் மாட்டினா அதே கதைதான். நைலான் கயிறு இழுபட்டு அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், ஆளுங்களைக் கயிறு நீளத்துக்கு அந்தாண்டை நிறுத்துங்க.

மின்வேலி எதிரி:

ஆட்டோ ஸ்டார்ட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். கரண்ட் இல்லாத நேரம்தானே என்று ஒருவர் கேபிள் ஜாயின்டைப் பிரித்து வைத்திருப்பார், அல்லது கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைப் பிடித்திருப்பார், அந்த நேரம் பார்த்து சப்ளை வரும். ஆட்டோவை 'மேனுவல்' பக்கம் திருப்பி வைத்தால் மட்டும் போதாது. மெயின் ஸ்விட்சை இறக்கி, மூன்று பீஸ் கட்டைகளையும் உருவி, வேலை செய்கிறவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறை540 சாவிக்குச் சொன்ன அதே விதி. கெபாசிட்டர் வைத்திருந்தால் சப்ளையை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும், அதையும் வெளியேற்றாமல் முனையில் கை வைக்கக் கூடாது.

பீஸ் இருக்கிறதே என்று பலரும் நம்புகிறார்கள். 5 எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும், அதற்கு 15, 20 ஆம்பியர் பீஸ் போட்டிருப்பார்கள். மனித இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும். ஆள் பிடித்துக்கொண்டு துடிக்கும்போது அந்த பீஸுக்கு எதுவுமே தெரியாது. பீஸ் மட்டும் இருக்கும் கிணற்றில் மோட்டார் உடல் ஷாக் அடித்தால் பீஸை உடனே எரித்துவிட எர்த் 1, 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். கோடையில் காய்ந்த செம்மண்ணில் அது கிடைக்காது. ஆனால் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் சப்ளையை அறுக்கும் ஸ்விட்ச்) ஒன்றை மெயினுக்கு அடுத்து வைத்தால் எர்த் 100 ஓம் இருந்தாலும் அது அறுத்துவிடும். ஸ்டார்ட்டர் அறையின் லைட், பிளக் பாயின்ட் இருக்கும் கிளைக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் வையுங்கள். எர்த்துக்கு 40 மி.மீ. விட்டமுள்ள ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும், கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர். ஸ்டார்ட்டர் பெட்டி, இரும்புக் கதவு, கிணற்றுக் குழாய் மூன்றையும் அதோடு இணையுங்கள்.

மோட்டார் ஓடும்போது கிணற்றில் குளிக்க, நீச்சலடிக்க யாரும் இறங்கக் கூடாது. நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் ஜாயின்ட் தண்ணீருக்குள் இருக்கிறது, டேப் சுற்றிய ஜாயின்ட் என்றால் என்றாவது ஒருநாள் நீர் புகும். உங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கோடை விடுமுறையில் மற்ற பிள்ளைகளும் வருவார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போனால் நாமே போட்டுக்கொள்வது பரவலான பழக்கம். கம்பத்தில் லைனைப் பிரிக்கும் ஏபி ஸ்விட்சை இறக்கினாலும் மூன்று கத்திகளில் ஒன்று பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கீழே இருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து பின்பக்கமாகவும் மின்சாரம் ஏறும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. லைன்மேன் வரும்வரை பயிர் காயட்டும்.

உங்கள் தென்னைக்குள் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பி போகிறதா என்று பாருங்கள். தேங்காய் பறிக்கும் அலுமினியத் தோட்டியைத் தூக்குவது, 20 அடி ஜி.ஐ. பைப்பை நிமிர்த்துவது, டிப்பரைத் தூக்கியபடியே வண்டியை நகர்த்துவது, மூன்றும் அந்தக் கம்பியில் முடியும். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் 10 மீட்டருக்குள் போகாதீர்கள். உள்ளே இருந்தால் கால்களைத் தூக்காமல், பாதத்தோடு பாதம் ஒட்டி நகர்ந்து வெளியே வாருங்கள். எட்டு வைத்தால் இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு ஆளை வீழ்த்தும்.

மலையடிவாரம் என்றால் பன்றித் தொல்லை இருக்கும். சர்வீஸிலிருந்து நேராகக் கம்பிக்கு கரண்ட் கொடுப்பது குற்றம், அது பன்றியோடு நிற்காது, யானையும் மனிதரும் சாகிறார்கள். பெரும்பாலும் செத்துப்போவது இரவில் தண்ணீர் கட்டப் போகும் அதே ஊர்க்காரர்தான். வேலி வேண்டுமென்றால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் தரமான எனர்ஜைசர் மட்டும். அது நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாகத்தான் மின்சாரத்தை அனுப்பும், பிடித்தவர் கையை விட இடைவெளி கிடைக்கும். தமிழ்நாட்டில் மின்வேலிக்கு 2023 முதல் தனி விதிகள் இருக்கின்றன, பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கரைவழி:

கிணறு தூர் வாரும்போது அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்க. எரிஞ்சா இறங்கலாம், அணைஞ்சா இறங்கக் கூடாது. வேப்பங்கொத்தைக் கட்டி நாலு தடவை ஏத்தி இறக்கினா கெட்ட காத்து கலைஞ்சிடும். காலங்காலமா இப்படித்தான் பண்றோம்.

நிலத்தடி:

கரைவழி அண்ணா, விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. எரிந்தால் இறங்கலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து எல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கோ 16, 17 வரை எரியும். 10-க்குக் கீழே போனால் ஆள் மயங்கிவிடுவார், 6-க்குக் கீழே சில நிமிடங்கள்தான். அதைவிட முக்கியம், கார்பன் மோனாக்சைடு இருந்தால் விளக்குக்கு ஒன்றுமே தெரியாது, அது பாட்டுக்கு எரியும். தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜினைக் கிணற்றுப் படிக்கட்டில் இறக்கி ஓட்டினால் அதுதான் அடியில் தேங்கும். தொழுஉரக் குழி, சாண எரிவாயுக் கலன், சாக்கடை பக்கத்தில் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அப்போது போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். மீத்தேன் இருந்தால் உங்கள் விளக்கே வெடிக்க வைக்கும்.

நான்கு வாயு காட்டும் கையடக்க மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் சில நிமிடங்கள் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிணற்று வேலை ஒப்பந்தம் எடுப்பவரிடம் மீட்டரும் புளோயரும் இருக்கிறதா என்று கேட்டு, இருப்பவருக்கே வேலையைக் கொடுங்கள். வேப்பங்கொத்து காற்றைக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவே. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மேலே கலக்கியது திரும்ப அடியில் போய் உட்காரும். உங்கள் கிணற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 800 கன மீட்டர். மணிக்கு 1,500 கன மீட்டர் தள்ளும் புளோயரை வைத்தாலும் ஒருமுறை காற்று மாற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூன்று நான்கு முறை மாற வேண்டும். குழாயின் வாய் அடியிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குள் இருக்கட்டும், ஆள் உள்ளே இருக்கும்வரை புளோயரை நிறுத்தக் கூடாது. பெட்ரோல் புளோயர் என்றால் அதைக் கிணற்று வாயிலிருந்து தள்ளி, அதன் புகையைக் காற்று கிணற்றுப் பக்கமோ புளோயர் காற்றிழுக்கும் வாய்ப் பக்கமோ கொண்டுவராதபடி வையுங்கள். இல்லாவிட்டால் அதன் புகையையே உள்ளே தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

இறங்குகிறவர் இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால், மயங்கியதும் உடல் இரண்டாக மடிந்து தொங்கும், உருவியும் விழும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் ஹார்னஸ் வேண்டும். கயிறு மேலே முக்காலியில் இருக்கும் கப்பியில் ஓட வேண்டும், மேலே இரண்டு பேர் வேறு வேலை பார்க்காமல் அதையே பிடித்திருக்க வேண்டும்.

கிணற்று விபத்துகளில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் சாவதற்குக் காரணம், உள்ளே விழுந்தவரைப் பார்த்ததும் தம்பியோ மகனோ பதறிப்போய் இறங்குவதுதான். முதலாமவர் எதனால் விழுந்தாரோ அது அங்கேயே இருக்கிறது. ஹார்னஸோடு கயிறு இருந்தால் மேலே இருந்தே இழுக்கலாம். இல்லையென்றால் 101 அல்லது 112, தீயணைப்புத் துறையிடம் மூச்சுக்கருவி இருக்கும். புளோயரை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் இறங்கக் கூடாது என்பதை வேலை தொடங்கும் முன்பே அந்தக் குடும்பத்துப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் தடுத்து நிறுத்தப் போகிறவர்கள் அவர்கள்தான்.

சுற்றுச்சுவரை உடனே கட்டுங்கள், 4 அடி உயரம். தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும் கிணற்றில் ரிவர்ஸ் வரும் டிராக்டரும் விழும், குழந்தையும் விழும். சுவரோரம் டிராக்டர் பாரம் ஏற்றினால் கரை சரியும், அதனால் வண்டி திரும்பும் இடத்தையும் தள்ளி வையுங்கள்.

பயிர்மருத்துவம்:

மக்காச்சோளம் என்பதால் மருந்தடிப்பதைப் பற்றி. படைப்புழுவுக்குப் பயிர் இளசாக இருக்கும்போது குருத்தில் அடிப்பது ஒன்று, ஆள் உயரம் வளர்ந்த பிறகு உள்ளே நுழைந்து அடிப்பது வேறு. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ஆண்டு பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. நான்கைந்து மருந்துகளைக் கலந்து, நுண்துளியாகப் பீய்ச்சும் பவர் ஸ்பிரேயரில், முகத்துக்கு நேராக அடித்தார்கள். உயரமான மக்காச்சோளத்திலும் அதே அமைப்புதான். நெஞ்சுயரத்துக்கு மேல் பயிர் இருந்தால் வெறும் உடலோடு உள்ளே புகுந்து அடிக்க வேண்டாம்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு முக்கோண மருந்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் மாற்று கேளுங்கள். மருந்து உடலுக்குள் போவது மூச்சு வழியாகத்தான் என்று நினைத்து முகத்தில் துண்டு கட்டுகிறார்கள். உண்மையில் தோல் வழியாகவே அதிகம் போகிறது. முதுகு டேங்கின் மூடி வாஷர் தேய்ந்து ஒழுகும் நீர் முதுகிலிருந்து இடுப்புக்குக் கீழே இறங்கும், தொடையிடுக்குத் தோல் மருந்தை மிக வேகமாக உறிஞ்சும். நனைந்த துண்டு மூக்கில் மருந்தையே ஒத்தடம் கொடுப்பதற்குச் சமம். வாஷரை மாற்றுங்கள், முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள், நைட்ரைல் கையுறை, பூட்ஸுக்கு மேலே பேன்ட் (உள்ளே விட்டால் மருந்து பூட்ஸுக்குள் இறங்கும்). நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, பழைய பல்துலக்கி ஒன்றை டேங்கில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எச்சில் ஊறுவது, அளவுக்கு மீறிய வியர்வை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை துடிப்பது, இவை தெரிந்தால் உடனே துணியைக் கழற்றி, சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-இல் போக வேண்டும். மருந்தின் பெயர் தெரியாமல் மருத்துவர் நேரத்தை இழப்பார். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாராகுவாட் களைக்கொல்லியைத் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள், அதற்கு மாற்று மருந்து கிடையாது. தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் அப்படித்தான். ஆள் தூங்கும் சாளையில் அந்த மாத்திரை போட்ட தானிய மூட்டையை அடுக்கினால் இரவு ஈரக்காற்றில் பாஸ்பீன் வாயு வெளியாகும்.

கட்டுவிரியன்தடம்:

இரவு மின்சாரத்துக்குத் தண்ணி கட்டப் போறவங்களுக்கு முழங்கால் உயர கம்பூட்டும், நல்ல டார்ச்சும் வாங்கிக் கொடுங்க. இந்தியாவுல பாம்புக்கடியில ஆண்டுக்குச் சராசரியா 58,000 பேர் சாகறாங்கன்னு 2020-ல வந்த ஆய்வு சொல்லுது, பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க. கட்டுவிரியன் கடிச்சா வலி, வீக்கம் பெருசா இருக்காது, எறும்புன்னு நெனச்சுத் தூங்கிடுவாங்க, விடியக்காலையில மூச்சு நிக்கும். கட்டுப் போடாம, கீறாம, கடிபட்ட காலை அசைக்காம தூக்கிக்கிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. விஷமுறிவு மருந்து உங்க பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில ராத்திரியும் இருப்பு இருக்குன்னு இப்பவே போய்க் கேட்டு வெச்சுக்கோங்க.

உடுமலைத்தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு மூணு சந்தேகம். டிராக்டர் கவிழ்ந்தா காப்பாத்தற கம்பி ஃபிரேமை நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலயே அடிச்சுக்கலாமா? சீட் பெல்ட் மட்டும் இப்பவே போட்டுடலாமா? ஆர்.சி.சி.பி. வெச்சவங்க மழைக்காலத்துல சும்மா சும்மா விழுதுன்னு கழட்டிடறாங்களே, அதுக்கு என்ன பண்றது? ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் எப்படிங்க?

பட்டறை540:

வெல்டிங் பட்டறை ஃபிரேம் வேண்டாம். கவிழ்ந்தா வண்டியோட மொத்த எடையும் அதுலதான் விழும், ஜி.ஐ. பைப்பும் சாதாரண வெல்டும் மடங்கி டிரைவர் மேலயே உட்காரும். உங்க வெயில் கூரையும் அப்படித்தான், அதை நம்பாதீங்க. சோதனை பண்ணின ஃபிரேம் பின் ஆக்சில் ஹவுசிங்ல குறிப்பிட்ட தரத்து போல்ட்ல ஏறும். உங்க மாடலுக்கு இருக்கான்னு கம்பெனி டீலர்கிட்ட எழுத்துல கேளுங்க. சுவீடன்ல 1959-லயே புது டிராக்டருக்கு இதைக் கட்டாயமாக்கினாங்க, அதுக்கப்புறம் கவிழ்ந்து சாகறது அங்க பெருமளவு குறைஞ்சுது.

பெல்ட் மட்டும் தனியா போடாதீங்க. ஃபிரேம் இருந்தா பெல்ட் ஆளை அந்தப் பாதுகாப்பான இடத்துக்குள்ள பிடிச்சு வெக்கும். ஃபிரேம் இல்லாத வண்டியில பெல்ட் ஆளை வண்டியோட சேர்த்து நசுக்கும். ஃபிரேம் கிடைக்கற வரைக்கும் அந்த மேற்கு ஓரத்தை டிராக்டர் இல்லாம வெச்சுக்கோங்க. அங்க புல்லு விடுங்க, இல்லேன்னா பவர் டில்லர் வாடகைக்கு எடுங்க.

மக்காச்சோளம் அடிக்க மெஷின் வரும்போது தீனி போடற தொட்டியைப் பாருங்க. 90 செ.மீ. நீளமும், அதுல பாதி மேல மூடினதாவும் இருக்கணும். கை டிரம்முக்கு எட்டக் கூடாதுங்கறதுக்குத்தான் அந்த நீளம். 1983-லயே ஆபத்தான எந்திரங்களுக்குன்னு சட்டம் வந்தது இந்தக் கதிரடிக்கிற மெஷினுக்காகத்தான். தொட்டி குட்டையா இருந்தா மெஷினைத் திருப்பி அனுப்புங்க.

நிலத்தடி:

இன்சூரன்ஸ்: பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு, மே கடைசியில் எல்லார் கணக்கிலும் 20 ரூபாயாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திட்டம் விட்டுப்போகும். தமிழ்நாட்டின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர்கள் உறுப்பினரா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். டிராக்டர் பாலிசி விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும் போட்டது, மட்கார்டிலோ டிரெய்லரிலோ உட்கார்ந்து வந்தவருக்கு இழப்பீட்டை நிறுவனம் மறுக்கும். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவும் காப்பீடும் உண்டா என்றும் பாருங்கள். எதுவானாலும் போலீஸ் புகாரும் பிரேதப் பரிசோதனையும் இல்லாமல் விபத்துத் தொகை வாங்குவது கடினம். ஊர்ப் பெரியவர்கள் "எதுக்கு கேஸு" என்று சொல்லித் தடுத்தால் அந்தக் குடும்பத்துக்குத்தான் இழப்பு.

மின்வேலி எதிரி:

ஆர்.சி.சி.பி. மழையில் விழுகிறது என்றால் எங்கேயோ நிஜமாகவே கசிகிறது. கழற்றினால் அந்தக் கசிவு அப்படியே இருக்கும், சொல்ல ஆள் இருக்காது.

கண்டுபிடிக்கும் வழி இது. மெயினை இறக்கி ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றுங்கள். இப்போது மெயினையும் ஆர்.சி.சி.பி.யையும் ஏற்றினால் நிற்கிறதா? நிற்காவிட்டால் கசிவு ஸ்டார்ட்டர் பெட்டியிலோ அறை வயரிங்கிலோ இருக்கிறது. பெட்டிக்குள் எறும்புப் புற்று, பல்லி, கூரை ஒழுகல், இவைதான் வழக்கம். நின்றுவிட்டால் குற்றம் கேபிளிலோ மோட்டாரிலோ. மெயினைத் திரும்ப இறக்கிவிட்டு, கழற்றிய வயருக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கியதும் முதலில் தண்ணீருக்குள் இருந்த ஜாயின்டை வெட்டிவிட்டு மோட்டாரைத் தனியாக, கேபிளைத் தனியாக அளக்க வேண்டும். பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும், ஜாயின்டில்தான் நீர் ஏறியிருக்கும். புது ஜாயின்டை வெறும் டேப்பில் சுற்றாமல், ரெசின் ஊற்றும் கிட்டோ நீர்மூழ்கி கேபிளுக்கான சுருங்கும் குழாயோ போட்டு, வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுபடி மெக்கர் பார்த்த பிறகு இறக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாத ஆர்.சி.சி.பி.யை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.